தட்டு சுடுவோரின் வகுப்புக்குச் சராசரி சரிப்படாது

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் விளையாட்டுக் கட்டுரையில், அமெரிக்காவில் ஸ்போர்ட்டிங் கிளேஸ், அதாவது எறியப்படும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் ஆட்டத்தில், சுடுபவர்களைத் திறமைக்கேற்ற வகுப்புகளில் ஏற்றி இறக்கும் முறை குழப்பமானது, பேசாமல் ஒவ்வொருவரும் உடைத்த தட்டுகளின் சராசரியைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். சராசரி சுலபமான கணக்குதான். ஆனால் இந்த ஆட்டத்துக்கு அது ஒத்துவராது.

டிராப், ஸ்கீட் என்ற மற்ற இரு தட்டு சுடும் ஆட்டங்களிலும் தட்டு எங்கிருந்து கிளம்பும், எவ்வளவு தூரம் போகும் என்பதை விதியே சொல்லிவிடுகிறது. ஒஹாயோவில் நூற்றுக்கு எடுத்த 95-ஐயும் டெக்சாஸில் எடுத்த 95-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதனால் அங்கே சராசரிக்கு மதிப்பு உண்டு. டிராப்பில் ஹேண்டிகேப் என்று இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. நன்றாகச் சுடச் சுட ஆளைப் பின்னால் தள்ளி நிறுத்துவார்கள். 27 கஜம்தான் கடைசிக் கோடு.

ஸ்போர்ட்டிங் கிளேஸ் அப்படியல்ல. தட்டு எப்படி வர வேண்டும் என்பதை அந்தந்த மைதானத்தில் கோர்ஸ், அதாவது சுடும் நிலையங்களின் வரிசையை, அமைப்பவர் தீர்மானிக்கிறார். ஒரு நிலையத்தில் மரங்களுக்கு நடுவே சட்டென்று தெரிந்து மறையும், இன்னொன்றில் முயல் மாதிரி தரையில் உருண்டு ஓடும். கடினமான கோர்ஸில் நூற்றுக்கு 75 எடுத்தவர் முதலிடம் வாங்குவார். எளிதான கோர்ஸில் 90 எடுத்தவர் பட்டியலில் எங்கோ கிடப்பார். பந்து சுழலும் ஆடுகளத்தில் அடித்த 40 ரன்னையும் தட்டையான களத்தில் அடித்த 80-ஐயும் கூட்டி வகுத்தால் என்ன தெரியும்?

இதற்காகத்தான் அமெரிக்காவின் தேசிய ஸ்போர்ட்டிங் கிளேஸ் சங்கம் 'பஞ்ச்' முறையை வைத்திருக்கிறது. பஞ்ச் என்பது வகுப்பில் முன்னிடம் பிடித்தால் கிடைக்கும் புள்ளி. வகுப்புகளில் அடியில் இ, அதற்கு மேலே டி, சி, பி, ஏ, ஏஏ, உச்சியில் மாஸ்டர். எத்தனை தட்டு உடைத்தோம் என்பதை விட, நம் வகுப்பில் யாரையெல்லாம் முந்தினோம் என்பதே முக்கியம். வகுப்பில் கூட்டம் அதிகமானால் முன்னிடங்களுக்குக் கிடைக்கும் பஞ்சும் அதிகம். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் என்றால் ஒன்றும் கிடைக்காமலே போகலாம். தேவையான அளவு சேர்ந்ததும் அடுத்த வகுப்புக்குப் போக வேண்டியதுதான். கணக்கு வைத்துக்கொள்வதும், சரியான வகுப்பில் பெயர் கொடுப்பதும் சுடுபவரின் பொறுப்பு. மேலே போக வேண்டியவர் தெரியாத மாதிரி பழைய வகுப்பிலேயே சுட்டால் வாங்கிய பரிசும் பறிபோகும்.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. சராசரி முறையில் திருட்டு சுலபம். சின்னப் போட்டிகளில் வேண்டுமென்றே நாலு தட்டை விட்டு, சராசரியை இறக்கி வைத்துக்கொண்டு, பெரிய போட்டியில் கீழ் வகுப்புப் பரிசை அள்ளிக்கொண்டு போகலாம். பஞ்ச் முறையில் இது அவ்வளவு எளிதல்ல. பரிசு வேண்டுமென்றால் ஜெயிக்க வேண்டும், ஜெயித்தால் பஞ்ச் விழும். ஒருமுறை ஏமாற்றலாம், அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள முடியாது.

அப்புறம், ஒலிம்பிக்கிலும் வகுப்பு இருப்பது போன்ற தொனி அந்தக் கட்டுரையில் இருந்தது. அங்கே அதெல்லாம் இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பிருத்விராஜ் தொண்டைமானும் மற்றவர்களும் டிராப் தகுதிச் சுற்றில் சுட வேண்டியிருந்தது அதே 125 தட்டுகளைத்தான்.

பஞ்ச் முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேலே ஏறுவது தானாக நடக்கிறது. கீழே இறங்க வேண்டுமென்றால் நாமே தலைமையகத்துக்கு முறையிட வேண்டும். வயது ஏறி, கண் மங்கி, தோள் வலியோடு வருபவர் என்றோ சம்பாதித்த ஏஏ வகுப்பிலேயே நின்று தோற்றுக்கொண்டிருப்பார். கேட்டால் இறக்குவார்கள்தான், ஆனால் 'என்னை இறக்குங்கள்' என்று எழுதிக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? மூத்தோருக்கு வயதுப் பிரிவுகள் இருப்பது உண்மைதான். அது வேறு பட்டியல், வகுப்பு என்னவோ அப்படியே நிற்கிறது.

ஆக, மாற்ற வேண்டியது ஏறும் வழியை அல்ல, இறங்கும் வழியை. ஆண்டு முழுக்கப் போதுமான போட்டிகளில் சுட்டும் தன் வகுப்பில் ஒரு பஞ்ச்கூட வாங்காதவரின் பெயரைச் சங்கமே எடுத்துப் பார்த்து ஒரு படி இறக்கலாம். தவறாக இறக்கிவிட்டால்கூடப் பெரிய நட்டமில்லை. அவர் ஜெயிக்க ஆரம்பித்தால் பஞ்ச் சேர்ந்து மறுபடி மேலே போய்விடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டெக்சாஸ்