வாடகை கட்டாத கதாநாயகர்கள்

மாட்டுங்கா கிழக்கு, மும்பை.
ஓகஸ்ட், ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நல்லூரில் கொடியேறிவிட்டது என்று அம்மா சொன்னார். முழங்கால் வலியோடு வெயிலில் வீதி சுற்றவேண்டாம் என்று நான் எழுதினாலும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள். அதனால் எழுதவில்லை.

போன கிழமை தொலைபேசியில், "அங்கே போய் வாசிப்பை விட்டுவிட்டாயா?" என்று கேட்டீர்கள். விடவில்லை. முன்பைவிட அதிகமாகவே வாசிக்கிறேன். ஆனால் நான் ஒரு நாவலைப் பற்றி வாய் திறந்தால், முதல் வாக்கியம் முடிவதற்குள் நீங்கள் மறுப்பைத் தொடங்கிவிடுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதற்காகவே தாள் எடுத்தேன்.

இருப்பிடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் பின்னறை எனக்கு. கட்டில், மேசை, ஒரு சன்னல்; சன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சன்னல். மழைக்காலத்தில் துவைத்த துணி எதுவும் காய்வதில்லை, புத்தகமும் காய்வதில்லை. வீட்டுக்கார மாமி நல்லவர். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீ பேசினால் சிலோன் வானொலி கேட்ட மாதிரி இருக்கிறது" என்பார். தெருமுனையில் மல்லிகைச் சரமும் வாழையிலையும் வாங்கலாம். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதிதான் கிடையாது. நானே வைத்தேன். மாமி ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, "இது என்ன, தாளிக்காத மோர்க்குழம்பா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்னும் மன்னிக்கவில்லை.

வேலை பலார்ட் எஸ்டேட்டில். காலையில் மாட்டுங்காவில் பெண்கள் பெட்டியில் ஏறினால், அடுத்த நிலையமான தாதரோடு வாசிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் கையைக்கூட மடக்க முடியாது. மாலையில் ரயில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்தே புறப்படுவதால் இருக்கை கிடைக்கும். மூவர் இருக்கவேண்டிய பலகையில் நால்வர் இருப்போம். நாலாவது ஆள் பாதிதான் இருப்பார். எதிரே ஒருத்தி மடியில் தாள் விரித்துக் கொத்தவரங்காய் ஒடிப்பாள், பக்கத்தில் ஒருத்தி தூங்கி என் தோளில் சாய்வாள். அந்த நெரிசலில்தான் என் வாசிப்பெல்லாம் நடக்கிறது. அங்கே வாசித்த நாவல்களில் எனக்குப் பொறுக்காமல் போனது ஒன்று உண்டு. கதைக்குள் யாரும் எதற்கும் விலை கொடுப்பதில்லை.

காதல் நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாமியிடம் ஒரு இரும்பு அலுமாரி நிறைய மாத நாவல்கள் இருக்கின்றன. நீங்கள் தலையணைக்கடியில் ஒளித்துவைத்து எங்களைத் திட்டிக்கொண்டே வாசித்த அதே வகைதான், ரமணிசந்திரனும் அவர் வழியில் வந்தவர்களும். குறை சொல்லவில்லை, ஒரு மழை நாளில் இரண்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கோபக்கார நாயகன், ரோஷக்கார நாயகி, தவறாகப் புரிந்துகொண்ட ஒரு கடிதம், கடைசி அத்தியாயத்தில் மன்னிப்பு. தெரிந்த பாதையில் நடப்பதிலும் ஒரு சுகம் இருக்கத்தானே செய்கிறது? ஆனால் அந்த நாயகனுக்கு எப்போதும் ஒரு பங்களா. தோட்டக்காரன், சமையல்காரி, காரோட்டி என்று மூன்று பேர் சம்பளத்துக்கு இருப்பார்கள். நாயகி அழுகிற நேரம் பார்த்து மூவரும் எங்கோ போயிருப்பார்கள். அந்த வீட்டில் அத்தனை வெற்று அறைகள்! ஊடுவதற்கு ஒன்று, கூடுவதற்கு ஒன்று.

இந்த ஊரில் காதலுக்கு முதல் எதிரி மாமனார் இல்லை, சதுர அடிதான். என்னுடன் வேலை செய்யும் ஒருத்தி தாராவியில், தொண்ணூறு அடிச் சாலைக்கு அருகில் இருக்கிறாள். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தாய், தகப்பன், அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரும் ஒரே அறையில். மேலே பலகை அடித்த ஒரு பரண், அதுதான் அவளுடைய படுக்கை. அவள் ஒரு மராத்திப் பையனை விரும்புகிறாள். அவர்கள் சந்திக்கும் இடம் மரீன் டிரைவின் கடற்சுவர். ஒருநாள் மாலை துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள். சுவர் நெடுக இணை இணையாக, தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொரு இணைக்கும் ஒரு குடை. அலை ஏறும் நேரத்தில் காவலர் விசிலடித்து எல்லோரையும் எழுப்பினார். எல்லோரும் எழுந்து நடைபாதையில் பத்தடி தள்ளி நின்றார்கள், குடையைத் தாழ்த்தாமல்.

நான் ஒதுங்கிக் கடலை கொறித்தேன். காதில் விழுந்ததை மறைப்பானேன்? கண்ணே, கனியே என்று ஒன்றும் இல்லை. பதினொரு மாத வாடகை ஒப்பந்தம், முன்பணம், யார் பெயரில் கையெழுத்து, விராரா டோம்பிவிலியா என்பதுதான் பேச்சு. அவனுக்கு மேற்கு ரயில் பாதையில் வேலை, அவளுக்கு மத்தியப் பாதை. விராரில் வீடெடுத்தால் அவள் நாளெல்லாம் ரயிலில், டோம்பிவிலியில் எடுத்தால் அவன். "சரி, டோம்பிவிலியே இருக்கட்டும்" என்று அவன் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் சின்னம்மா! நான் வாசித்த எந்த மாத நாவலிலும் ஒரு நாயகன் அதற்குச் சமமான ஒரு வசனம் பேசியதில்லை.

இதற்கு நேர் எதிர்ப்புறத்தில் நாஞ்சில் நாடனின் 'சதுரங்கக் குதிரை' நிற்கிறது. நாராயணன் என்ற மனிதர், நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இந்த ஊரில் உத்தியோகம் பார்ப்பவர். வயது ஏறுகிறது, கல்யாணம் அமையவில்லை. அதுதான் கதை. காதல் நாவல் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். எனக்கென்னவோ, காதல் நாவல்களின் கணக்குப் புத்தகத்தில் கிழித்தெறியப்பட்ட பக்கம் இதுவென்றே தோன்றியது. நீங்கள் இதை வாசித்தால் முதல் நாள் சலிப்பு என்று சொல்வீர்கள், மறுநாள் ஒன்றும் சொல்லமாட்டீர்கள்.

மாயாஜாலக் கதைக்கு வருகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், அம்புலிமாமாவை எங்களுக்கு முந்திப் பிரித்தவர் யார் என்று தெரியும். ஃபுளோரா ஃபவுன்டன் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகக்காரர்கள் இருக்கிறார்கள். மழை வந்தால் நீலத் தாளை இழுத்து மூடிவிட்டு, வாங்குகிறவர்களையும் அதற்குள்ளேயே நிற்கச் சொல்வார்கள். அங்கே முதலில் ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். முன்பக்கத்தில் வரைபடம், பின்பக்கத்தில் வம்சாவளி, நடுவில் தீர்க்கதரிசனத்தோடு பிறந்த ஒரு பையன். அவன் கையை நீட்டினால் நெருப்பு வருகிறது. எத்தனை முறை நீட்டினாலும் வருகிறது. அடுத்தவன் கட்டும் கடன் அட்டையை வைத்திருப்பவன் போல அவன் மந்திரத்தைச் செலவழிக்கிறான். பெயர் சொல்லமாட்டேன், அதை எழுதியவரும் பிழைக்கவேண்டும். பாதியில் மாமியின் பேரனிடம் கொடுத்துவிட்டேன். அவன் இரண்டே நாளில் முடித்து, அடுத்த பாகம் எங்கே என்று கேட்கிறான். ஆகவே என் தீர்ப்பை மேல்முறையீட்டுக்கு உரியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அதே நடைபாதையில் கிடைத்தது அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலின் முதற்பாகம். மெல்லிய புத்தகம். உங்களுக்காகவே எழுதினார்போல ஒரு விடயம் இருக்கிறது: தாயில்லாப் பையனான கெட் என்பவனுக்கு முதன்முதலில் மந்திரம் சொல்லிக்கொடுப்பது அவனுடைய தாயின் சகோதரி, அதாவது சின்னம்மா! அவள் ஆட்டுக்குச் சொன்ன சொல்லைக் காதில் வாங்கி அவன் சொல்லிப் பார்ப்பதுதான் தொடக்கம். அந்த உலகம் முழுக்கத் தீவுகள், வள்ளங்கள், மீன்பிடி ஊர்கள். நாயகன் செம்பழுப்பு நிறத்தவன், நண்பன் கறுப்பன், கொள்ளையிட வருகிறவர்கள் வெள்ளையர். எங்கள் காரைநகர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அங்கே வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. கெட் வீம்புக்காக ஒரு மந்திரத்தைச் செய்து காட்டுகிறான். இருட்டிலிருந்து ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பிளவை மூடுவதற்கு மந்திரப் பள்ளியின் தலைமைக் குரு தன் உயிரைச் செலவழிக்கிறார். பையன் முகத்தில் தழும்போடு பிழைக்கிறான். அதன்பிறகு அவன் ஒவ்வொரு மந்திரத்துக்கும் முன்னால் யோசிக்கிறான், நாங்களும் யோசிக்கிறோம். ஒரு கிழவர் செத்ததால் மீதிப் புத்தகம் முழுவதும் எனக்கு நம்பத்தகுந்ததாகிவிட்டது.

இனிச் சண்டைக்கு வருவோம். 'பொன்னியின் செல்வன்.'

மாமியிடம் இருப்பது கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்ததை வாரா வாரம் வெட்டிச் சேர்த்து, அவருடைய மாமியார் காலத்தில் துணி அட்டை கட்டிய தொகுதிகள். மணியம் வரைந்த படங்களோடு, பின்பக்கத்து விளம்பரங்களோடு. ஓரங்கள் பழுப்பேறி, தொட்டால் உதிர்கின்றன. வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது நிபந்தனை. ரயிலில் அல்ல, கூடத்தில் விசிறிக்குக் கீழே இருந்துதான் வாசித்தேன். பள்ளிக்கூடக் காலத்தில் நீங்கள் தந்தபோது வந்தியத்தேவன் குதிரையோடு ஓடிக்கொண்டே வாசித்தவள் நான். இப்போது இந்தியாவில் இருந்து வாசிக்கும்போது, ஈழம் வருகிற அத்தியாயங்களில் நின்றுவிட்டேன்.

பூங்குழலி கோடிக்கரையிலிருந்து படகு வலிக்கிறாள். கடல் கறுப்பு, வானம் கறுப்பு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை. தமிழில் அப்படியொரு கடலை வேறு யார் எழுதினார்கள்? இதில் நீங்களும் நானும் ஒரு கட்சி. அக்கரையில் அருள்மொழிவர்மன் இருக்கிறான். ஊர்மக்களைத் துன்புறுத்தாதே, படைக்கு அரிசி சோழ நாட்டிலிருந்தே வரட்டும் என்கிறான், பழுதான விகாரைகளைத் திருத்துகிறான். பிக்குகள் நள்ளிரவில் அவனுக்கு முடியையே கொடுக்க முன்வருகிறார்கள், வேண்டாம் என்கிறான். படிக்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தீவில் பிறந்தவள் கேட்கக்கூடாதா? போர் நடக்கும் நாட்டில் யாருடைய வயல் மிதிபட்டது? ஒரு ஊர்ப்பெண்ணாவது வாய் திறந்து பேசினாளா? எங்கள் பக்கத்துக்காகக் கல்கி தந்தது மந்தாகினி. அவளும் ஊமை.

கதை எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள். அருள்மொழி ராஜராஜனாக முடிசூடியது 985இல். அவன் படை அநுராதபுரத்தை அழித்ததெல்லாம் அதற்குப் பிறகு. 1017இல் அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; அந்த மன்னன் சோழ நாட்டுச் சிறையிலேயே இறந்தான். விகாரைகளின் தாதுகர்ப்ப அறைகளை உடைத்துப் பொன்னை அள்ளியதை, இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறது. அதை எழுதியவர்கள் பிக்குகள், அவர்களுக்கும் ஒரு கட்சி உண்டு, தெரியும். நீங்கள் எங்களைப் பொலன்னறுவைக்குக் கூட்டிப்போய் வானவன்மாதேவி ஈசுவரத்தின் முன்னால் நிறுத்தி, "பார், எங்கள் ஆட்கள் கட்டியது" என்று பெருமையோடு சொன்னீர்கள். அந்தப் பெருமை எனக்கும் இருக்கிறது. அதே கல்லை வேறொருவர் எந்த முகத்தோடு பார்ப்பார் என்பதை ஒரு நாவல்தானே சொல்லவேண்டும்? வரலாற்றுப் புத்தகத்துக்கு அந்த வேலை இல்லை.

மாமியிடம் இதைச் சொன்னேன். "கதையைக் கதையாகப் படி" என்றார். நீங்களும் இதையேதான் சொல்லப்போகிறீர்கள், அதே குரலில்.

அதனால் சரித்திர நாவலில் இப்போது எனக்குப் பிடித்தது பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்'. 1995இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டது. கப்பல் வந்ததா, சரக்கு என்ன விலை, துரை இன்று என்ன மனநிலையில் இருக்கிறார், யார் யாரிடம் என்ன வாங்கினார் என்று பார்த்துப் பார்த்து எழுதிய மனிதர் பிள்ளை. கப்பல் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு அவரைப் பிடிக்காமல் போகுமா? நடை சில இடங்களில் காய்ந்து கிடக்கிறது, ஆட்கள் நிறையப் பேர் வந்து போகிறார்கள், யார் எவர் என்று மறந்துவிடுகிறது. குதிரை ஓட்டம் கிடையாது. ஆனால் அதிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதன் தினமும் எவ்வளவு விழுங்கவேண்டியிருக்கிறது என்பது தெரிகிறது. வேதபுரீசுவரர் கோயிலை 1748இல் பிரெஞ்சுக்காரர் இடித்ததையும் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதவேண்டியிருந்தது. மறுநாளும் அதே துரையிடம்தான் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. எனக்கு வாள்சண்டையைவிட அந்த மறுநாள்தான் பெரிது.

'வானம் வசப்படும்' ஒரு பிரதியும், எர்த்ஸீயும் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் மழையில் நனைந்துதான் வரும். என் சினேகிதி ஒருத்தி அடுத்த மாதம் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிறாள். அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். அவளிடம் கொஞ்சம் பனங்கட்டியும் ஒடியல் மாவும் கொடுத்தனுப்புங்கள். மாமிக்குக் கூழ் காய்ச்சிக் காட்டவேண்டும், சொதிக்குப் பழி தீர்க்க.

ஒன்று மட்டும் கவனம். உங்கள் பதிலை மாமிக்கும் வாசித்துக்காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவர் நந்தினி கட்சி. நந்தினி செய்ததெல்லாம் நியாயம் என்று இருபது வருடமாகச் சாதிக்கிறவர். குந்தவையைப் புகழ்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் நந்தினியைத் திட்டுவதாக இருந்தால் அதைத் தனித் தாளில் எழுதி எனக்கு மட்டும் அனுப்புங்கள். எனக்குக் காலைக் கோப்பி போடுகிறவர் அவர்தான்.

சித்தப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்