உன் மகள் கேட்ட கேள்வி

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. புதுக் கண்காட்சிக்காகப் பெட்டி பிரிப்பதும் சுவருக்கு வண்ணம் அடிப்பதுமாகவே நாள் போய்விட்டது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அரசியல் அறிவியல் படித்துவிட்டு நவீன கலை அருங்காட்சியகத்தில் க்யூரேட்டர், அதாவது படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி அமைப்பவர், ஆக முடியுமா என்று உன் மகள் கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஒக்வி என்வேசோர் என்ற க்யூரேட்டரைப் பற்றிச் சொல். 1963-இல் நைஜீரியாவின் கலபாரில் பிறந்தவர். 1982-இல் அமெரிக்கா போய் அவர் படித்ததும் இதே படிப்புதான். நியூயார்க்கில் கவிதை எழுதினார், மேடையில் வாசித்தார், கண்காட்சி கண்காட்சியாக ஏறி இறங்கினார். ஆப்பிரிக்கக் கலைஞர்கள் அங்கே கண்ணிலேயே படவில்லை. சரி, நாமே செய்வோம் என்று 1994-இல் அவர்களுக்காக ஒரு இதழ் தொடங்கினார். அடுத்த இரண்டே வருடத்தில், நியூயார்க்கின் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் நடந்த ஆப்பிரிக்கப் புகைப்படக் கண்காட்சியை அமைத்தவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு 2002-இல் டாக்குமென்டா. ஜெர்மனியின் காஸெல் நகரில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 100 நாள் நடக்கும் கண்காட்சி அது. அதை நடத்திய முதல் ஐரோப்பியர் அல்லாதவர் அவர்தான். படங்களை மாட்டுவதற்கு முந்தைய வருடமே வேறு வேறு நாடுகளில் கருத்தரங்குகளைத் தொடங்கிவிட்டார். 2001-இல் டெல்லியில் பேசியது, கொடுமைகளைக் கண்ட நாடு உண்மையையும் நீதியையும் எப்படி மீட்பது என்பதை. கண்காட்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அவர் படித்த படிப்பு முழுசாகப் பயன்பட்டது அங்கேதான் என்பேன்.

2011-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள ஹவுஸ் டெர் குன்ஸ்ட் என்ற கலைக்கூடத்துக்கு இயக்குநரானார். 1937-இல் நாஜிகள் திறந்த கட்டடம். தங்களுக்குப் பிடித்த கலைக்கு மட்டும் இடம் கொடுக்க அவர்கள் கட்டிய அதே கூடங்களில், 2019 மார்ச்சில் கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுயியின் படைப்புகளைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கண்காட்சியை அமைத்தவர்களில் என்வேசோரும் ஒருவர். நான் போய்ப் பார்த்தேன். தூரத்தில் நின்றால் பட்டுச்சேலை விரித்தது போலப் பொன்னும் சிவப்புமாக மின்னுகிறது. கிட்டே போனால் எல்லாம் மதுப்பாட்டில் மூடிகள்! தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். எங்கே மடிப்பு விழ வேண்டும், எங்கே தொய்ய வேண்டும் என்பதை மாட்டுபவர்களிடமே விட்டுவிடுவார் அனட்சுயி. க்யூரேட்டரின் கையும் கண்ணும் அந்த மடிப்புகளில் இருக்கின்றன. கண்காட்சி திறந்த ஒரே வாரத்தில் என்வேசோர் புற்றுநோயால் இறந்தார். 55 வயதுதான். அந்த மூடிகளுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு அது நினைவில் இருந்துகொண்டே இருந்தது.

அப்புறம், தினப்படி வேலையையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். படைப்புகளை இரவல் கேட்டுக் கடிதம், காப்பீடு, காகிதப் படங்கள் மங்காமல் இருக்க 50 லக்ஸ் அளவு மட்டான வெளிச்சம். போன வாரம் ஒரு கோட்டோவியத்தின் மூலையில் நகக்கண் அளவு மடிப்பு. வழியில் விழுந்ததா, முன்பே இருந்ததா? ஓவியத்தின் நிலை பற்றி அனுப்பியவர்கள் எழுதிய அறிக்கையையும் எடுத்த புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்து, டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு மணி நேரம் போனது. இந்தப் பொறுமை இருந்தால் மற்றதைப் படித்துக்கொள்ளலாம்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அவளை எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கிருந்து ஐந்தே சிலைகளை ஒரே அறையில் வைக்கச் சொன்னால் எந்த ஐந்து, எதன் பக்கத்தில் எது என்று கேட்பேன். இப்போதிருந்தே யோசித்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்