தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்க நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசின் குழந்தைகள் பாதுகாப்புப் பணி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையையும் அதையொட்டி வந்த கடிதங்களையும் படித்தேன். சிலர் ஆள் போதவில்லை, நிதி போதவில்லை என்கிறார்கள். சிலர் கண்காணிப்பே இல்லை என்று கொதிக்கிறார்கள். இந்தத் துறையில் களப்பணியாளராக 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இவை இரண்டு புகார்கள் அல்ல, ஒன்றுதான் என்று சொல்லவே எழுதுகிறேன்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஆண்டு தவறாமல் ஆய்வு நடந்தது. ‘கழிப்பறை உள்ளதா?’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ‘ஆம்’. நானே ஒருமுறை அப்படி எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அன்று இன்னும் மூன்று இல்லங்கள் பாக்கி இருந்தன, வண்டி வாசலில் நின்றது. பிறகு வந்த ஓர் அதிகாரி பதிவேட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். அவர்கள் ஒருவருக்கொருவர் தலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஒருத்தி வாயைத் திறந்தாள்: “பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லக்கா. ஒருத்தி குளிச்சா இன்னொருத்தி வெளிய காவல் நிப்போம்.” எவ்வளவு நாளாக என்று கேட்டார். வந்ததிலிருந்தே என்றாள். அவள் வந்து இரண்டு வருடம். யாருக்குப் பயந்து காவல் நிற்கிறீர்கள் என்று கேட்கவும் அந்த அதிகாரிக்கு அன்று நேரம் இருந்தது. அதற்குக் கிடைத்த பதிலால்தான் அங்கிருந்த ஊழியர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். நான் எழுதிய ‘ஆம்’ அந்த இரண்டு வருடத்துக்குள்தான் இருக்கிறது.

லண்டனில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுச் சிறுமி, வளர்க்கிறேன் என்று அழைத்துவந்த உறவினரின் கொடுமையால் இறந்தாள். நான்கு உள்ளாட்சிகளின் சமூக நலத்துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறை என்று எல்லோர் பார்வையிலும் பட்டவள்தான். அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்றது லார்ட் லேமிங் 2003-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை. என்னை உறுத்துவது அதற்கடுத்து அவர் சொன்னது. அந்த வாய்ப்புகளில் எதற்கும் பெரிய திறமை தேவைப்படவில்லை. சில இடங்களில் மேலதிகாரி கோப்பைத் திறந்து பார்த்திருந்தாலோ, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தாலோ போதும்.

ஆகவே, பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் குறையும்போது முதலில் காணாமல் போவது அந்தக் கேள்விதான். காலியிடத்தின் வேலை கூடுதல் பொறுப்பாக மேலதிகாரியின் தலையில் விழுகிறது. அவர் கோப்பைப் படிப்பதில்லை, கையெழுத்திடுகிறார். ஏதாவது நடந்துவிட்டால் கீழே இருப்பவருக்கு மெமோ வருகிறது. எல்லோருக்கும் புதிதாக ஒரு படிவமும் வருகிறது. அதை நிரப்பும் நேரம் குழந்தையைப் பார்க்கும் நேரத்திலிருந்துதான் போகிறது. இங்கிலாந்தில் பேராசிரியர் ஐலீன் மன்ரோ 2011-இல் அளித்த ஆய்வறிக்கையும் இதைத்தான் சுட்டிக்காட்டியது: விதிமுறைகளும் காலக்கெடுகளும் பெருகிப்போய், பணியாளர்கள் குழந்தைகளோடு செலவிடும் நேரம் சுருங்கிவிட்டது.

ஐ.நா. 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவு, பராமரிப்பு நிறுவனங்களில் ஊழியர்களின் எண்ணிக்கை, அவர்களின் தகுதி, முறையான மேற்பார்வை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நாம்தான் பிரித்துவைத்துச் சண்டை போடுகிறோம். அரசு ஒரு குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்தால் அதன் நிலையை அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்கிறது 25-ஆவது பிரிவு. மறுபரிசீலனை என்றால் குழந்தையை நேரில் பார்ப்பது, தனியாகப் பேசுவது. இல்லப் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க எந்தக் குழந்தையும் உண்மை பேசாது.

உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்துறை பற்றி எழுதும்போது எத்தனை ஆய்வுகள் நடந்தன என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு களப்பணியாளர் கையில் எத்தனை குழந்தைகள், ஒரு மேலதிகாரியின் கீழ் எத்தனை பணியாளர்கள், கடைசி ஆய்வில் எத்தனை குழந்தைகளிடம் தனியாகப் பேசினார்கள் என்று கேளுங்கள். வருகிற பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப்பணியாளர் ஒருவர்