வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு வெங்காய விதைக்குப் பதிலாக விதைக் குமிழ்களை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளித்தோம். முந்தைய பருவத்தில் நெருக்கமாக விதைத்து, சிறுத்திருக்கும்போதே பிடுங்கி உலர்த்திய வெங்காயமே விதைக் குமிழ் என்பதால், நாற்றங்கால் வேலை மிச்சமாவதுடன் அறுவடையும் முந்துகிறது.

பகிர்வு நாளன்று பலரும் கூடையைக் கிளறிப் பருத்த குமிழ்களையே பொறுக்கினார்கள்; விளைச்சலில் வந்த குறைகளுள் பெரும்பகுதி அங்கேயே தொடங்கியது என்பது செயற்குழுவின் கருத்து. வெங்காயம் ஈராண்டுத் தாவரம். முதலாண்டில் குமிழில் உணவைச் சேர்த்து, குளிரைக் கடந்தபின் பூக்கும் இயல்புடையது. 2 செ.மீ. விட்டத்துக்கு மேல் பருத்த குமிழில் அதற்கு வேண்டிய சேமிப்பு முன்பே இருப்பதால், முளைத்தபின் சில வாரங்கள் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் நிலவினால் பூத்தண்டு எளிதில் எழுந்துவிடும். அத்தகைய வெங்காயத்தை அறுத்தால் நடுவே கட்டையான தண்டு நிற்கும். அதை முதலில் சமையலுக்கு எடுத்துவிட வேண்டுமேயன்றி, சேமித்து வைக்கலாகாது. சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரிதான குமிழே நடுவதற்கு உகந்தது. பெரியவற்றைத் தாளுக்காகத் தனிப் பாத்தியில் நடலாம்.

நடவைப் பொறுத்தவரை, குமிழின் நுனி மண்மட்டத்தில் தெரியும்படி 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றியவர்களின் பாத்திகள் சீராக இருந்தன. வேர்கள் மேலாகவே பரவுவதால் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதும், கொத்து ஆழமாக இறங்காதபடி களையைக் கையால் எடுப்பதும் அவசியம். குமிழ் திரளத் தொடங்கியபின் தழைச்சத்து இட்டால் கழுத்து தடித்து, உலராமல் அழுகும். தாள்கள் தாமாகச் சாயுமுன் மிதித்து மடக்கும் பழக்கத்தைச் சிலர் இன்னும் விடவில்லை. அதனால் பயனில்லை, கழுத்தில் காயமே மிஞ்சுகிறது. தாள்கள் சாய்ந்ததும் நீரை நிறுத்தி, பிடுங்கிய வெங்காயத்தைக் காற்றோட்டமான நிழலில் இரண்டு, மூன்று வாரங்கள் உலர்த்துவதே போதுமானது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார்.

வரும் பருவத்தில் குமிழ்களைச் சல்லடையால் அளவு பிரித்த பின்னரே பகிர்ந்தளிக்கவும், ரகத்தை இருப்பிடத்தின் பகல்நீளத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கவும், இவ்வாண்டு வெங்காயம் விளைந்த பாத்தியில் மீண்டும் வெங்காயமோ பூண்டோ நடாதிருக்கவும் செயற்குழு முன்மொழிகிறது. பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்