கடைக் கம்ப்யூட்டருக்கு மறதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் 19 வருடமாக ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், அவ்வளவுதான் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் பீடி சுற்றும் பெண்கள், லுங்கி நெய்கிறவர்கள், தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையின் ஸ்காலர்ஷிப், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, வருமானச் சான்று என்று எதற்கு வந்தாலும் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் வேண்டும். "வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேண்ணா, பிரிண்ட் போடு" என்பார்கள். பேப்பரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் ஆதார் என் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2019-ல் சிரசுத் திருவிழாவுக்கு நோட்டீஸ் வேலை குவிந்திருந்த நேரம். ஒரு காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாப் பெயருக்கும் பின்னால் ஏதோ ஒரு வால் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும், பணம் கட்டினால் திறந்து தருவோம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். கடையில் இருந்தது திருட்டு விண்டோஸ். போட்டோ சரிசெய்கிற சாஃப்ட்வேரும் அப்படித்தான், யாரோ கொடுத்த பென்டிரைவில் வந்தது. சரி செய்ய வந்தவர், "இந்த மாதிரி காப்பியோடதான் இது உள்ள வரும்" என்றார்.

திருவிழா வேலை போனதைவிட வேறொன்று என்னை உலுக்கியது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அவர் என் கண்முன் மேலிருந்து கீழே நகர்த்திக் காட்டினார். நான்கு வருடக் குப்பை. "அம்மா ஆதார்", "தங்கச்சி பாஸ்புக்", "பாப்பா ஜாதி சான்று" என்று முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. இவர்கள் யாருமே என்னிடம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கவில்லை. பூட்டிப் பணம் கேட்டவன் அவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு போனானா என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடையாது. அந்த அம்மாக்களைக் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

டவுன்லோட் செய்யும் ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பிறந்த வருடம், இதுதான் அந்த பாஸ்வேர்டு. அதையும் வரிசையில் நிற்கிற நாலு பேர் காதில் விழும்படி உரக்கச் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் பெயரும் பிறந்த தேதியும் கார்டிலேயே அச்சாகியிருக்கின்றன.

2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், பொதுக் கம்ப்யூட்டரில் ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எனக்கு அது வருத்தம்தான். என் கடையைப் போன்ற கடைகளுக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஊரடங்கு நேரத்தில் கடை மூடிக் கிடந்தபோது, வேலூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் வந்து இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோசை எடுத்துவிட்டு, லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். காசு மிச்சம் என்று நான் மாறவில்லை. திருட்டு விண்டோசுக்கும்தான் காசு கொடுத்ததில்லை. "இது உள்ள இன்னா இருக்குன்னு யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம் மாமா" என்றான். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், படிக்கத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். பாமினி, வானவில் என்கிற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த ஃபைல்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. அந்த எழுத்துருக்களைப் போட்டால் படிக்கலாம், ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றினால்தான் நிம்மதி. ஆறு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். தமிழ் 99 தட்டச்சு லினக்சில் வந்துவிட்டது. லிப்ரே ஆபீஸில் மனு, பயோடேட்டா எல்லாம் ஓடுகிறது. பத்திரிகை டிசைனுக்கு இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை சாஃப்ட்வேர் பழக மூன்று மாதம் ஆனது. லேசர் பிரிண்டர்தான் படுத்தியது, கடைசியில் அதை விற்றுவிட்டு வேறு வாங்கினேன். ஓய்வூதியர்களின் உயிர்ச்சான்று மட்டும் கைபேசியில் முகம் காட்டிச் செய்கிறோம்.

அப்புறம்தான் நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது. லினக்ஸ் மின்டில் விருந்தினர் கணக்கு என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளர் வந்ததும் அதைத் திறந்து கொடுக்கிறேன். அவர் மெயில் பார்க்கிறார், ஆதார் இறக்குகிறார், ஃபார்ம் நிரப்புகிறார், பிரிண்ட் எடுக்கிறார். லாக்-அவுட் கொடுத்ததும் அதில் இருந்த ஃபைல், பாஸ்வேர்டு, பார்த்த பக்கங்கள் எல்லாம் அழிந்துபோகும். அடுத்தவர் உட்காரும்போது புதுக் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும். நான் ஞாபகம் வைத்து அழிக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் அது எனக்கு நடக்கவே நடக்காது. வாட்ஸ்அப்பிலும் 24 மணி நேரத்தில் தானாக மறைகிற மாதிரி வைத்துவிட்டேன்.

இதில் பிள்ளைகள் சமாச்சாரமும் சேர்ந்திருக்கிறது. பள்ளி விட்டதும் பிராஜக்ட் படம் பிரிண்ட் எடுக்க வரும் பையன்களுக்காக, ஒரு கம்ப்யூட்டரில் சூப்பர்டக்ஸ்கார்ட் போட்டேன். பென்குயினும் அதன் கூட்டாளிகளும் குட்டிக் கார் ஓட்டும் பந்தயம். இதுவும் லினக்ஸ் மாதிரி, உள்ளே இருப்பதை யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ்தான். விளம்பரம் கிடையாது, இன்டர்நெட் வேண்டாம், போன் நம்பர் கேட்காது. முதல் வாரம் விருந்தினர் கணக்கில் ஆட விட்டேன். மறுநாள் வந்து, "நேத்து ஜெயிச்சதெல்லாம் போயிடுச்சுண்ணா" என்று ஒருவன் அழாத குறை. அதற்கென்று தனிக் கணக்கு வைத்துக் கொடுத்தேன்.

இதே பையன்கள் அம்மாவின் கைபேசியில் ஆடும் இலவச கேம்கள், தொடர்பு எண்கள், மைக், இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளை கேம் திறந்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் சரி கொடுக்கிறது. 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அதைச் செய்ததாகத்தான் எங்கள் தெருவில் இன்றும் நினைக்கிறார்கள். பயனர்களின் தகவல் அனுமதியில்லாமல் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போகிறது என்பதே அரசு சொன்ன காரணம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அதை மனதார வரவேற்கிறேன். பணத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் விவரத்தை எடுக்கும் கேம்களைப் பற்றியும் 2023-ம் வருடத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், பிள்ளைகளைக் கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. இதைக் கடையில் சொன்னால் ஒரு தாய்க்கும் தெரிந்திருக்கவில்லை.

இந்த மாதிரி மென்பொருளை எல்லோருக்கும் கொண்டுபோக அரசால் முடியாது என்று நான் நம்பவில்லை. கேரளப் பள்ளிகளில் பல வருடமாகக் கட்டற்ற மென்பொருளில்தான், அதாவது லினக்ஸ் போன்றவற்றில்தான், கம்ப்யூட்டர் பாடம் நடக்கிறது. 2011-ல் தொடங்கிய நம் விலையில்லா லேப்டாப்பிலும் விண்டோசோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக், சென்னையில் உருவாக்கிய லினக்ஸ் அது. "இத எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் வைண்ணா" என்று வந்த பிள்ளைகளிடம் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு எத்தனையோ லேப்டாப்பில் அதை அழித்தவன் நான். அது என்ன, எதற்கு என்று அந்தப் பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. இன்று அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

எனவே தங்கள் நாளிதழ் மூலம் மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இது. இ-சேவை மையங்களுக்கும் எங்களைப் போன்ற கடைகளுக்கும், வேலை முடிந்ததும் தானாக அழிக்கும் ஒரு லினக்ஸைத் தமிழ் 99 தட்டச்சோடு தயார் செய்து கொடுங்கள். அரைநாள் பயிற்சி வையுங்கள். அரசு ஃபார்ம் எதுவாக இருந்தாலும் யூனிகோடில் வெளியிடுங்கள்.

அது வரும்வரை, குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா பக்கம் கடை வைத்திருப்பவர்கள் யாராவது விரும்பினால் ஒரு 8 ஜி.பி. பென்டிரைவோடு என் கடைக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கூட்டம் இருக்காது. கூடவே உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.