46,559 பேர் அழுத்திய பொத்தான்: இரு கழகங்களுக்கும் செய்திச் சேனல்களுக்கும் நீலகிரியிலிருந்து ஒரு மடல்

திமுக, அதிமுக தலைமைகளுக்கும், இரவு எட்டு மணி விவாதம் நடத்தும் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரித் தொகுதியில் 46,559 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். அந்தத் தேர்தலில் இந்தியாவின் வேறெந்தத் தொகுதியிலும் அவ்வளவு நோட்டா விழவில்லை. அதிமுகவுக்கு முதலிடம், திமுகவுக்கு இரண்டாமிடம், மூன்றாமிடம் ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்ற பொத்தானுக்கு. ஏன் என்று உங்களில் யாரும் மலையேறி வந்து விசாரித்ததாகத் தெரியவில்லை.

அந்த எண்ணை ஊதிப் பெரிதாக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அந்த முறை பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. கட்சியின் அங்கீகாரத்தைக் காட்டும் ஏ, பி படிவங்கள் மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அலுவலர் கைக்குச் சேர வேண்டும், சேரவில்லை. அவருக்குப் போட நினைத்தவர்களில் ஒரு பகுதி நோட்டாவுக்குப் போயிருக்கும். தவிர, நீலகிரித் தொகுதி என்பது முழுக்க நீலகிரி அல்ல. உதகை, குன்னூர், கூடலூர் மூன்றும் மேலே. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே. வாக்காளர் எண்ணிக்கையில் கீழேதான் கனம். இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

நோட்டா பல் பிடுங்கிய பாம்பு என்பதும் எங்களுக்குத் தெரியும். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிடும் முன்பு 49-ஓ விதி ஒன்றுதான் இருந்தது. வாக்குச்சாவடி அலுவலரிடம் ‘யாருக்கும் போடமாட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்தும் போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரு கட்சி ஏஜென்டுகளும் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். இப்போது ரகசியம் காக்கப்படுகிறது, பலன்தான் இல்லை. நோட்டாவே முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்தவர் ஜெயித்தவர் ஆகிறார். தனித்தொகுதியான இங்கே கட்டும் 12,500 ரூபாய் டெபாசிட்டை மீட்க, செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். அந்தக் கணக்கிலும் நோட்டா சேராது. மகாராஷ்டிரம், ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் இதை மாற்றின: நோட்டா முந்தினால் மறுதேர்தல். அதைச் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் கொண்டுவரச் சட்டமும் விதியும் திருத்த வேண்டும். நாடாளுமன்றத்தில் உங்கள் இரு தரப்புக்கும் ஆட்கள் உண்டு. ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரக் கூட்டணிக் கணக்கு எதற்கு?

சேனல்காரர்களுக்கு ஒரு வேலை. வாக்கு எண்ணி முடிந்ததும் தேர்தல் அலுவலர் தயாரிப்பது படிவம் 20. எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை, நோட்டாவுக்கு எத்தனை என்று வரிவரியாக அதில் இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யாரும் எடுக்கலாம். ‘நீலகிரி மக்கள் யார் பக்கம்’ என்று நான்கு பேரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் கத்தவிடுவதை விட, அந்தத் தாளை ஒரு மணி நேரம் படித்தால் கீழ்ப்பகுதி எது சொன்னது, மலை எது சொன்னது என்று பிரித்தே காட்டிவிடலாம். ஆனால் இதே தாளுக்கு இன்னொரு முகமும் உண்டு. மலையில் வாக்குச்சாவடிகள் சிறியவை. ஓர் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) அல்லது ஓர் எஸ்டேட் லைனுக்கு ஒரு சாவடி என்றால், அந்த ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது மறுநாளே கட்சிக்காரருக்குத் தெரிந்துவிடும். பிறகு சாலைக்குத் தார் ஏன் வரவில்லை என்று கேட்டால் சிரிப்பார்கள். பல இயந்திரங்களின் வாக்கைக் கலந்து கூட்டித் தரும் டோட்டலைசர் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் முன்பே கேட்டது, 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. படிவத்தைப் படியுங்கள் என்றும் சொல்கிறோம், அது எங்களைக் காட்டிக்கொடுக்கிறது என்றும் சொல்கிறோம். முரண்தான், வேறு வழியில்லை.

இனி கழகங்களுக்கு. 1967 தொடங்கி 2021 வரை நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் கோட்டைக்குப் போனது உங்களில் ஒருவர்தான். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று தேடுவதே எங்களுக்குத் தேர்தல் என்றாகிவிட்டது. உள்ளாட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் உயர் நீதிமன்றத்தில் சிக்கியது. கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்போது அதிமுக ஆட்சி. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. தேர்தல் வைக்காமல் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். அப்போது திமுக ஆட்சி. இந்த மாவட்டத்தின் 35 கிராம ஊராட்சிகளிலும் ஒரு தெருவிளக்குக்குக்கூட ஒன்றிய அலுவலகத்தில் காத்து நிற்க வேண்டியதாயிற்று. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது என்பது உங்கள் இருவருக்கும் உறுத்துகிறதோ என்னவோ.

கூடலூர் செக்ஷன் 17 நிலம் இன்னொன்று. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களை (பரம்பரை ஜமீன் போன்ற உரிமையை) ஒழிக்கச் சட்டம் வந்தது 1969இல், நடைமுறைக்கு வந்தது 1974இல். எது தோட்டக் குத்தகை, எது வனம், எது குடியிருப்பு என்று பிரிக்காமல் விட்டதில் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் புது மின் இணைப்புக்கும் சிக்கல். வருவாய்த் துறை, வனத் துறை, மின் வாரியம் மூன்றுமே மாநில அரசின் கையில். ‘பரிசீலிப்போம்’ என்ற சொல்லை இரு பக்க வேட்பாளரிடமும் கேட்டுச் சலித்துவிட்டது.

தேயிலையில்தான் நீங்கள் இருவரும் சுலபமாக நழுவுவீர்கள், தேயிலை வாரியம் மத்திய அரசுடையது என்பதால். சரி, கணக்கைப் பார்ப்போம். தொழிற்சாலைக்கும் விவசாயிக்கும் பங்கு 35க்கு 65. குன்னூர் ஏலத்தில் தூளின் சராசரி கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விவசாயி பங்கு 65. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 4 கிலோ பச்சைத் தேயிலை போகும். ஆக இலை கிலோவுக்கு 16 ரூபாய் 25 காசு. மழைக்காலத்தில் இலையில் ஈரம் என்று எடையில் கழிப்பார்கள், கொழுந்து முற்றிவிட்டது என்று கழிப்பார்கள், அது தனி. இதில் எடுப்புக் கூலி, உரம், வண்டி வாடகை போக மிஞ்சுவதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையைத் தொழிற்சாலை தராவிட்டால் யார் கேட்பது? அது மத்திய அரசுக்கான கேள்வி. ஆனால் இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் இருக்கும் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஆகியவை மாநில அரசின் பொறுப்பில் இருப்பவை. அங்கே இலைக்கு என்ன விலை, பணம் எத்தனை நாளில் வரும், ஓய்வுபெற்ற டான்டீ தொழிலாளிக்கு வீடு எங்கே என்பதற்கு டில்லியைக் கைகாட்ட முடியாது.

இந்தக் கணக்கை எந்த நெறியாளரும் எந்த வேட்பாளரிடமும் போட்டுக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. சேனலுக்கு நீலகிரி என்றால் மூன்றே செய்தி: மலர்க் கண்காட்சி, ரோட்டில் யானை, கோடநாடு. உதகைக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் நாளொன்றுக்கு 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று வரம்பு வந்தது. முடிவெடுத்தது உயர் நீதிமன்றம். இரு கழகங்களும் என்ன நினைக்கின்றன என்று கேட்காமல், பாஸ் எடுப்பது எப்படி என்று சுற்றுலாப் பயணிக்குப் பாடம் எடுத்தீர்கள். மாவட்டச் செய்தியாளர் பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கூலி. யானை வீடியோ உடனே போகும், பட்டா விவகாரம் கிடப்பில் கிடக்கும். குறை அவரிடம் இல்லை.

கழகங்களே, சட்டம் உங்கள் மேல் வைத்திருக்கும் பொறுப்பு ஒன்றையும் நினைவூட்டுகிறோம். குற்ற வழக்கு உள்ள வேட்பாளரும் அவர் கட்சியும் அதைப் பிரசாரக் காலத்தில் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். வேறு ஆள் கிடைக்காமல் இவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ‘ஜெயிப்பார்’ என்பது காரணமாகாது. டிவியில் அந்த விளம்பரம் குறைந்தது 7 நொடி. வாக்களித்ததும் விவிபேட் இயந்திரத்தின் கண்ணாடியில் சீட்டு தெரிவதும் அதே 7 நொடிதான். அந்த விளம்பரத்தைச் சேனல்கள் செய்தியாக்கி இரண்டு நிமிடம் பேசக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

காசு வாங்கிப் போடும் செய்தி பற்றி வாக்காளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே கட்டுரை, ஒரே படம், இரண்டு பத்திரிகைகளில் வேறு வேறு பெயரில் வந்தால் சந்தேகப்படுங்கள். தேதி, பக்கத்தோடு வெட்டியெடுத்து, டிவியென்றால் ஒளிபரப்பான நேரத்தோடு பதிவுசெய்து, மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவிடம் கொடுங்கள். 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவர் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். நிரூபணமானால் விளம்பரக் கட்டணம் அவர் செலவுக் கணக்கில் ஏறும். வாக்கு எண்ணி முடிந்த பிறகு கொடுத்த புகாரும், தேதியில்லாத துண்டுத் தாளும்தான் பெரும்பாலும் குப்பைக்குப் போகின்றன. செய்தி ஒருதலைப்பட்சம் என்றால் முதலில் சேனலுக்கே எழுதுங்கள். 15 நாளில் பதில் தர வேண்டும். பத்திரிகையென்றால் ஆசிரியருக்கு எழுதிவிட்டு, நாளிதழ் வெளியான இரண்டு மாதத்துக்குள் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம்.

கழகங்களே, அடுத்த தேர்தல் அறிக்கையில் நீலகிரிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஊராட்சித் தேர்தல், செக்ஷன் 17, கூட்டுறவுத் தொழிற்சாலை இலை விலை, டான்டீ வீடு: ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் துறை, எந்த அரசாணை, எவ்வளவு தொகை, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். மத்திய அரசுடையதை ‘மத்திய அரசுடையது’ என்றே எழுதுங்கள், கோபிக்க மாட்டோம். ஆசிரியர்களே, அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேட்பாளரிடம் கேள்வி கேளுங்கள். படிவம் 20 வந்ததும் மேலே மூன்று, கீழே மூன்று என்று நோட்டாவைப் பிரித்து ஓர் அட்டவணை காட்டுங்கள்.

இப்படிக்கு,
உதகை, குன்னூர், கூடலூர் தொகுதி வாக்காளர்கள் சிலர்