பேராசை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்த சைபர் குற்றக் கட்டுரையில், ‘மக்களின் பேராசையே இதற்கெல்லாம் காரணம்’ என்று போகிற போக்கில் ஒரு வரி. எழுதிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

என் அக்கா ஓய்வுபெற்ற டீச்சர். அவளுடைய பேராசை, ரேஷன் கடையில் சர்க்கரை எடை குறையக் கூடாது என்பதுதான். மும்பை போலீஸ் என்று காக்கிச் சட்டையோடு வீடியோ காலில் வந்தவன் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்றான்; அதாவது வீடியோ காலை விட்டு நகராமல் வீட்டுக்குள்ளேயே கைதாம். சோறு வடிக்கும்போதுகூட போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைக்கச் சொன்னான். பயந்துபோய் டெபாசிட்டை உடைத்து அனுப்பிவிட்டாள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். சொன்னதோடு சரி.

ஸ்டேஷனுக்குப் போனோம். ‘இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கார்.’ தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) சட்டப்படி இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர் விசாரிக்க முடியாது, சரி. புகாரை வாங்கவுமா முடியாது? குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம் என்று 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆம் பிரிவு சொல்வது தங்களுக்குத் தெரியாததல்ல.

வங்கியில் அதைவிட அழகு. ‘நீங்களேதானே அனுப்பினீங்க, நாங்க என்ன பண்றது?’ அம்மா, அந்தப் பணம் போய் விழுந்ததும் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில்தானே? எனக்கு வருஷா வருஷம் உயிர்ச் சான்று, கே.ஒய்.சி. கைரேகை விழவில்லை என்றால் எலுமிச்சம்பழத்தில் விரலைத் தேய்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். எவன் பேரிலோ திறந்த கணக்கில் லட்சம் லட்சமாக வந்து, வந்த வேகத்தில் வெளியே போகிறது. அங்கே விரலைக் கேட்க ஆளில்லை!

இது இன்று நேற்றைய கதையா? ஏ.கே. விஸ்வநாதன் சென்னை போலீஸ் கமிஷனராக இருந்தபோது கண்காணிப்பு கேமராவை ‘மூன்றாவது கண்’ என்றார்கள். எங்கள் தெருவே காசு போட்டு கேமரா மாட்டியது. பிறகு ஒரு அம்மாவின் செயினைப் பறித்துக்கொண்டு போனபோது போட்டுப் பார்த்தால், தெரிந்தது வேப்பங்கிளை மட்டும். பராமரிப்பு யார் பொறுப்பு என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. தாங்களும் அதைப் பிரசுரிக்கவில்லை.

மறுப்பு போடச் சொல்லவில்லை. தினமும் முதல் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கு அடியிலாவது, ‘பணம் போனால் உடனே 1930’ என்று சைபர் மோசடிப் புகார் எண்ணைப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். தங்கள் பத்திரிகையை இன்னமும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் என் வயதுக்காரர்கள்தான்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
நங்கநல்லூர், சென்னை-61